இரும்புக்கை மாயாவி திரும்பி வந்த கதை

டாக்டர் ஹூ 1989-ல் நின்றுபோய் 2005-ல் திரும்ப வந்தபோது இங்கிலாந்து ரசிகர்கள் என்ன பாடுபட்டார்கள், 1999-ல் ஸ்டார் வார்ஸ் திரும்ப வந்ததும் அமெரிக்கர்கள் எப்படி சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள் என்று ஆபீசில் என் டீம் நண்பன் ஒருத்தன் மணிக்கணக்காகப் பேசுவான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க மாமாவும் அப்படித்தான்டா" என்பேன். பயல் ஒருமாதிரி பார்ப்பான்.

மாமாவின் ஸ்டார் வார்ஸ், இரும்புக்கை மாயாவி. ஒரு விஞ்ஞானக் கதைத் தொடர், அதற்கு உயிரை விடுகிற ஒரு கூட்டம், நடுவில் ஒரு நீண்ட வறட்சி, அப்புறம் ஒரு மறுவரவு, வந்ததும் ரசிகர்களுக்குள்ளேயே குடுமிப்பிடி. தமிழில் இத்தனையும் சேர்ந்து அமைந்தது இவர் ஒருத்தருக்குத்தான் என்பது என் கட்சி. சுஜாதாவின் ஜீனோ இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு: அது வேற டிபார்ட்மென்ட்டுங்க, தனியா ஒரு பதிவு போட்டாகணும்.

மாயாவியைத் தெரியாத பொடியன்களுக்காக ஒரு சின்ன கொசுவர்த்திச் சுருள். கொஞ்சம் பெரிசாவே சுத்தப் போறேன், பொறுத்துக்குங்க.

1962 அக்டோபர் 6. லண்டனில் வேலியன்ட் என்று ஒரு வாராந்திர காமிக்ஸின் முதல் இதழ். அதில் 'தி ஸ்டீல் க்ளா' என்று ஒரு தொடர் ஆரம்பிக்கிறது. நாயகன் பெயர் லூயிஸ் கிராண்டேல். ஒரு விஞ்ஞானியிடம் லேபில் உதவியாளர். ஏற்கெனவே ஒரு விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்தில் பயங்கரமாக ஷாக் அடிக்கிறது. ஆள் சாகவில்லை, மறைந்துபோகிறார். உடம்பு, கோட்டு, பேன்ட், ஷூ எல்லாம் போய்விடுகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் ஷாக்கின் வேகம் அடங்கியதும் ஆள் திரும்பத் தெரிய ஆரம்பிப்பார். மறுபடி மறையணுமா, மறுபடி போய் கரண்ட்டில் கையை வைக்கணும். அவ்வளவுதான் டெக்னாலஜி.

முதல் கதையை எழுதியவர் கென் புல்மர், விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர். பிறகு டாம் டல்லி எழுதினார். படம் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். இந்த மனுஷனைப் பற்றித் தனியாகச் சொல்லணும். அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எல்லாம் கலர் கலராக, பளபளவென்று இருக்கும். பிளாஸ்கோ வரைந்தது முழுக்க கறுப்பும் வெளுப்பும். பாதி முகத்தில் வெளிச்சம், பாதி முகம் இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் கதவைத் திறக்கும். சின்னப் பசங்க கதைக்கு இது கொஞ்சம் ஓவர்தான். ராத்திரி கரண்ட் போனால் அந்தக் கை நினைவுக்கு வந்து பாயை விட்டு எழுந்திருக்கப் பயந்தவர்கள் எழுபதுகளில் ஊர் ஊருக்கு உண்டு.

இன்னொன்று கவனிச்சீங்களா? ஆரம்பத்தில் கிராண்டேல் ஹீரோவே இல்லை. மறைகிற சக்தி கிடைத்ததும் அந்த ஆள் செய்கிற முதல் வேலை திருட்டு, மிரட்டல். கெட்டவனாகத்தான் தொடங்குகிறார். பிறகு திருந்தி, ஷேடோ ஸ்க்வாட் என்ற ரகசிய அமைப்பின் ஏஜென்ட் ஆகிறார். நம்மூரில் அதற்குப் பேர் நிழற்படை. விரலுக்குள் துப்பாக்கி, ரேடியோ எல்லாம் வருவது அதன் பிறகு. ஜேம்ஸ் பாண்ட் படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம், வேற என்ன செய்வார்கள்?

1967-ல் ஃப்ளீட்வே கம்பெனி 'சூப்பர் லைப்ரரி' என்று கையடக்கப் புத்தக வரிசை ஒன்றை விட்டது. வாராவாரம் ரெண்டு பக்கம் இல்லாமல், ஒரே புத்தகத்தில் ஒரு முழுக்கதை. ஸ்டீல் க்ளா அதில் வந்தார். கூடவே ஸ்பைடர், ஜானி நீரோ, பாராகுடா. பாராகுடா யாருன்னு முழிக்காதீங்க. நம்ம சி.ஐ.டி. லாரன்ஸ்தான் அவர், டேவிட்டோடு சேர்ந்து. அந்த வரிசை லண்டனில் ஓராண்டு வாக்கில் மூடப்பட்டுவிட்டது. ஸ்டீல் க்ளாவும் 1970-ல் நின்றார். 1971-ல் ஒரு தடவை திரும்ப வந்து 1973 வரை தம் கட்டினார். 1976-ல் வேலியன்ட்டையே வேறொரு பத்திரிகையோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே கதை முடிந்தது.

லண்டனில் அடுப்பை அணைக்கிற நேரத்தில்தான் சிவகாசியில் உலை வைக்கிறார்கள். 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. லண்டனில் ஓராண்டோடு குப்பைக்குப் போன வரிசையின் ஆட்களான மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ மூணு பேரும் இங்கே 'மும்மூர்த்திகள்' ஆனார்கள். இன்றைக்கும் ரசிகர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பெயர் வைத்த புண்ணியவான் யாராக இருந்தாலும் கும்பிடணும். 'ஸ்டீல் க்ளா' என்பதில் இருப்பது ஒரு பயங்கரம். 'மாயாவி' என்றதும் அந்த ஆள் விக்கிரமாதித்தன், வேதாளம் பக்கமாக வந்து உட்கார்ந்துவிடுகிறார். லண்டன் பையனுக்கு அது விஞ்ஞானக் கதை. திருமயத்துப் பையனுக்கு அது பாதி விஞ்ஞானம், பாதி பாட்டி சொன்ன கதை. பிற்காலத்தில் ராணி காமிக்ஸ்காரர்கள் பேன்டமை 'முகமூடி வீரர் மாயாவி' என்று போட, வீட்டுக்கு வீடு 'எந்த மாயாவிடா, கையா முகமூடியா' என்று கேட்கவேண்டி வந்தது தனிக் காமெடி.

இனி எங்க ஊர்ப் பெருமை. இல்லாமல் எப்படி?

புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது 1974 ஜனவரி 14. அதாவது முத்து காமிக்ஸ் எங்கள் மாவட்டத்தைவிட ரெண்டு வயது மூத்தது :-) ஆனால் பிள்ளைகளுக்காக எழுதுவது எங்கள் மண்ணுக்குப் புதுசில்லை. சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு சேர்ந்தது. அந்தக் காலகட்டத்தில் சிறுவர் பத்திரிகை என்றால் புதுக்கோட்டைதான். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா ராயவரத்துக்காரர். வாண்டுமாமா அரிமளத்தில் பிறந்தவர். வாண்டுமாமா வெறும் கதை எழுதியவர் மட்டுமில்லை, படக்கதைகளுக்கும் எழுதியவர். 'பூந்தளிர்' அவர் ஆசிரியராக இருந்து நடத்தியது. 2014-ல் காலமானார். ராயவரம், அரிமளம், திருமயம் எல்லாம் ஒரே பஸ் ரூட் தூரத்தில் இருக்கிற ஊர்கள். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் மாமாவுக்கு, வாண்டுமாமாவைவிட லண்டன்காரன் கிராண்டேல்தான் சொந்தக்காரன் மாதிரி ஆனான். எனக்கு இதில் சின்ன வருத்தம் உண்டு. மாமாவுக்கு சுத்தமாகக் கிடையாது.

மாமா 1964-ல் பிறந்தவர். மாயாவி வந்தபோது எட்டு வயசு. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் புத்தகத்தைக் காசு சேர்த்து வாங்கிவருவார். அப்புறம் மன்னர் கல்லூரியில் படிக்கிற காலத்தில் பழைய புத்தகக் கடைகளில் மேய்ந்திருக்கிறார். இருபது இருபதாகச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு, முதுகில் நம்பர் எழுதி, ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி, நடுவில் வேப்பிலை. இலக்கியத்துக்கு புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. முதல் பதிப்புகளைத் தேடி ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். காமிக்ஸுக்கு அப்படி யார் இருக்கா? மாமா மாதிரி ஆட்களின் டிரங்குப் பெட்டிதான்.

நான் படித்ததெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான். உறைபனி மர்மம், நாச அலைகள், பாம்புத் தீவு, இமயத்தில் மாயாவி. கோடை லீவுக்குப் போனால் மாமா பெட்டிச் சாவியைத் தருவார். கை கழுவிட்டு வரணும், படுத்துக்கொண்டு படிக்கக் கூடாது, பக்கத்தை எச்சில் தொட்டுத் திருப்பக் கூடாது. ஒரே ஒரு மாயாவி புத்தகத்தில் மட்டும் கடைசி எட்டு பக்கம் கிடையாது. பழைய கடையில் வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம். எந்தக் கதை என்று சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் இருப்பீர்கள். அந்த எட்டு பக்கத்தையும் மாமா வாயால் சொல்வார். வில்லனின் கோட்டையில் திடீரென்று கரண்ட் போய்விடும். மாயாவியால் மறைய முடியாது. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற சாதாரண மனுஷனாக, ஒத்தைக் கையோடு நின்று ஜெயிப்பார். அந்தக் கதையின் முடிவு அதுதான் என்று நான் வளர்ந்தேன்.

1984-ல் சௌந்தரபாண்டியன் அவர்களின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே வருடம் ராணி காமிக்ஸும் வந்தது. அதுதான் உச்சம். தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்ததும் எல்லாம் இறங்குமுகம். 2005-ல் ராணி காமிக்ஸ் நின்றது. லயனும் முத்துவும் பத்து ரூபாய் விலையில், நியூஸ்பிரிண்ட் தாளில், வந்தால் வரும் வராட்டி இல்லை என்று ஓடிக்கொண்டிருந்தன. சில வருடங்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் சாகவில்லை. இது முக்கியம். ஒரேயடியாக நின்றிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். ஐ.சி.யூ.வில் கிடக்கிற ஆளை வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி பத்து வருடம் ஓட்டினார்கள்.

2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. விலை நூறு ரூபாய். அடுத்த ஜனவரியில் முத்துவின் 40-ஆம் ஆண்டை ஒட்டி 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்', நானூறு ரூபாய். நல்ல தாள், பெரிய சைஸ், கலர், ஐரோப்பாவின் பெரிய பெரிய ஹீரோக்கள். ஒரு வருடம் முன்னால் பத்து ரூபாய்க்குப் புத்தகம் வாங்கியவனிடம் நானூறு கேட்டால் வாங்குவானா? வாங்கினான். சந்தா கட்டி, கூரியர்காரனுக்காக வாசலில் நின்று வாங்கினான். பழைய பையன்கள் இப்போது பேங்க் மேனேஜர், டாக்டர், துபாய் இன்ஜினியர்.

(இடைச்செருகல்: 2012-ல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமெல்லாம் பவர்கட். அந்த வருடம் பார்த்துத் திரும்பி வந்த மாயாவி எங்க ஊரில் இறங்கியிருந்தால் மறைவதற்கு டிரான்ஸ்ஃபார்மர் அடியில் உட்கார்ந்து காத்துக்கிடந்திருக்கணும்.)

மாமாவும் சந்தா கட்டினார். கட்டாமல் இருப்பாரா? சில வருடத்தில், 2015 வாக்கில், மும்மூர்த்திகளின் மறுபதிப்புகள் வரிசையாக வந்தன. முதல் மாயாவி கைக்கு வந்த அன்று நான் கூட இருந்தேன். பிரித்தார். மோந்து பார்த்தார். பளீரென்ற வெள்ளைத் தாள், தெளிவான படம். ரொம்ப நேரம் புரட்டிவிட்டு, "மாப்ள, நல்லாத்தான் இருக்கு. ஆனா மாயாவி மாதிரி இல்ல, மாயாவியோட அண்ணன் மாதிரி இருக்கான்" என்றார்.

நான் சிரித்தேன். யோசித்தால் அதில் விஷயம் இருக்கிறது. பழைய புத்தகத்தில் மை பரவி, கறுப்பு எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பிளாஸ்கோ போட்ட நிழலைவிட அச்சகம் போட்ட நிழல் அதிகம். எது ஓவியர் வரைந்தது, எது சிவகாசி ஈரத்தில் வந்தது என்று பிரிக்க முடியாது. மாமாவின் மாயாவி ரெண்டும் சேர்ந்தவர். புதுசில் நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஒரு மேஜை, ஒரு பூந்தொட்டி. அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஆளுக்கு ஆள் ஒரு குறை. பழைய தமிழை அப்படியே போடணும் என்பார் ஒருத்தர், அந்தக்கால வசனத்தை யார் இப்போ படிப்பா என்பார் இன்னொருத்தர். சைஸ் பழசு மாதிரி சின்னதாக வேண்டும், இல்லை பெரிசுதான் வேண்டும். அட்டைப்படத்தைப் பழசே போடு, புதுசு போடு. இதெல்லாம் சில்லறைச் சண்டை. பெரிய சண்டை ஒன்றுதான்: மாயாவியைத் திரும்பத் திரும்பப் போடுவதா, புது ஹீரோக்களைக் கொண்டுவருவதா? ஒரு கட்சிக்கு மாயாவி இல்லாத சந்தா சந்தாவே இல்லை. இன்னொரு கட்சி, நாற்பது வருடமாக இதையே படித்தோமே, லார்கோ வின்ச்சும் பதிமூன்றும் வந்த பிறகும் ஷாக் அடித்து மறைகிற கதையா என்று கேட்கிறது. புத்தகக் கண்காட்சியிலோ மாயாவிதான் முதலில் காலி. எடிட்டர் விஜயன் பல தடவை இதைச் சொல்லியிருக்கிறார். பாவம், அந்தப் பக்கம் போனாலும் அடி, இந்தப் பக்கம் போனாலும் அடி.

என் தொழிலில் இதற்கு ஒரு பேர் உண்டு, பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி. பழைய கஸ்டமருக்குப் பிடித்தது ஒன்றைக்கூட உடைக்காமல் புது வெர்ஷன் விடு என்பார்கள். உடைக்காமல் விட்டால் புது கஸ்டமர் வரமாட்டான். உடைத்தால் பழையவன் போய்விடுவான், சம்பளம் தருகிறவன் அவன்தான். மாயாவி விஷயத்தில் நடந்தது முதல் வகை. ஒரு கோட்டைக்கூட மாற்றாமல் அப்படியே கொண்டுவந்தார்கள், வேறு வழியும் இல்லை, புதுக்கதை எழுதுகிற உரிமையா சிவகாசியில் இருக்கிறது? ஆக, திரும்பி வந்தது கதை. படிக்கிறவர் அதே பழைய ஆள், வயசு மட்டும் ஐம்பது. புதுசாக ஒரு எட்டு வயசுப் பையன் உள்ளே வருவதற்குக் கதவு எங்கே? பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கினால்தானே அவன் கண்ணில் படும். இப்போது சந்தா, ஆன்லைன், புத்தகத் திருவிழா, விரல்விட்டு எண்ணக்கூடிய கடைகள். எனக்கு இந்த மறுவரவில் உண்மையான பயம் இது ஒன்றுதான். தாள் வெள்ளையாக இருப்பதெல்லாம் எனக்குப் பிரச்சனையே இல்லை.

லண்டனில் என்ன நடந்தது என்று பார்த்தால் அது இன்னும் பரிதாபம். 2005-06-ல் ஆலன் மூர் யோசனையில் 'ஆல்பியன்' என்று ஒரு காமிக்ஸ் வந்தது. பழைய பிரிட்டிஷ் ஹீரோக்களை எல்லாம் அரசாங்கம் பிடித்து ஸ்காட்லாந்தில் ரகசியச் சிறையில் போட்டு வைத்திருக்கிறது என்பது கதை. நம்ம மாயாவி, ஸ்பைடர் எல்லாரும் உள்ளே! ஊர் அவர்களை மறந்துவிட்டது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். பிறகு 2018-ல் ரெபெல்லியன் என்ற கம்பெனி பழைய காமிக்ஸ் உரிமைகளை வாங்கி, 2021-ல் ஸ்டீல் க்ளா தொகுப்பு வெளியிட்டது. அவர்களுக்கு அது புதையல் தோண்டி எடுத்த மாதிரி. நமக்கு, பெட்டியைத் திறந்த மாதிரி. அங்கே மறந்துவிட்டுத் தேடினார்கள். இங்கே மறக்காமலே இருந்துவிட்டதில்தான் சிக்கல்.

போன வருஷம் அக்கா மகனுக்கு ஒரு மறுபதிப்பைக் கொடுத்துப் பார்த்தேன். நாலாங்கிளாஸ். போனை வாங்கி வைத்துவிட்டுக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடணும். பாதி படித்துவிட்டு வந்தான். "மாமா, சட்டை பேன்ட்லாம் மறையுதுல்ல, அப்ப கை மட்டும் ஏன் மறையல?" ஐம்பது வருடமாகத் தமிழ்நாட்டில் கேட்கப்படுகிற கேள்வி. "கையும் மறைஞ்சுட்டா படத்துல எதைடா வரையறது?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, திரும்பப் போய் மீதியைப் படித்தான். அடுத்த புத்தகம் கேட்டானா என்றால், கேட்டான், ரெண்டு நாள் கழித்து. எனக்கு அது போதும்.

சினிமா பேச்சு வேறு. லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்று ஒரு படத்தை சூர்யாவை வைத்து எடுக்க நினைத்ததாகவும், பட்ஜெட்டால் தள்ளிப்போனதாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பேர் டிவியில் அடிபட்ட அன்றைக்கு மாமா போன் செய்து, சந்தோஷமும் இல்லாமல் கோபமும் இல்லாமல், "கையை கம்ப்யூட்டர்ல பண்ணிருவாய்ங்க மாப்ள. அதான் பயமா இருக்கு" என்றார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என்னிடம் சொல்கிறார், பாருங்கள்.

அந்த எட்டு பக்கம் இல்லாத கதையும் மறுபதிப்பில் வந்தது. மாமா கூரியர் கவரோடு திண்ணையில் உட்கார்ந்து நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கரண்ட் போகவில்லை. மாயாவி ஒத்தைக் கையோடு நிற்கவில்லை. எல்லாக் கதையிலும் போல மறைந்திருந்து அடித்து, சட்டென்று முடிகிறது. மாமா மூடி வைத்துவிட்டு தண்ணி கேட்டார். அதைப் பற்றி அன்று ஒன்றும் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து, அந்த எட்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துப் பழைய பைண்டிங்கில் சேர்த்துத் தைத்துவிடலாமா, முழுசாயிடுமே என்று கேட்டேன். "அது கெடக்கட்டும் மாப்ள" என்றார். அக்கா மகன் பழைய பெட்டிப் புத்தகத்தில்தான் அந்தக் கதையைப் படித்திருக்கிறான். கடைசி எட்டு பக்கத்தை மாமா வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறான். மறுபதிப்பு அலமாரி மேல்தட்டில் இருக்கிறது, அவனுக்கு எட்டாது.

பி.கு.: மாமாவிடம் ராணி காமிக்ஸ் முகமூடி மாயாவி சில இதழ்கள் ரெண்டு ரெண்டு பிரதி இருக்கிறது. எழுபதுகளின் முத்து காமிக்ஸ் கைவசம் வைத்துக்கொண்டு பரிமாறிக்கொள்ள மனசு உள்ளவர்கள் சொல்லுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம்.